மூவர் கோயிலும் மேடை விழாவும்

பழந்திருக்கோயில்கள் நிற்கும் சிற்றூர்களில் மரபு விழா எடுத்தல் வேண்டுமென்னும் எண்ணம் இக்காலத்துப் பரவி வருகின்றது. அது நன்றே. ஆயின், சனி ஞாயிறுகளே விழாவிற்கு நாளெனவும், மேடையும் வண்ண விளக்கும் ஆட்டமுமே விழாவெனவும், அன்னம் பாலித்தல் வீண்செலவெனவும் கூறுவாருமுளர். அன்னார் கூற்றுப் பொருந்தாமையைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் ஒன்றே காட்டும்.

அவ்வூர் மூவர் கோயில், இருக்குவேள் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை என்னும் இருவர் பெயராலும் எடுப்பித்தது. விமானம் மூன்றனுள் இன்று நிற்பன இரண்டே. மற்றையதற்கு அடித்தளமே எஞ்சியது. காலம்பற்றி அறிஞர் தம்முள் மாறுபடுவர். அஃது ஈண்டு வேண்டா. ஆண்டுள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுவது யாது? கோயிலெடுத்த அவ்வேள், மதுரை மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக ஆசிரியர்க்குப் பெருமடமொன்று ஈந்து, தவத்தோர் 50 பேர் உண்ணுதற்பொருட்டு 11 ஊர்களையும் அளித்தான் என்பதாம். காளாமுகத்தை அகப்புறமென்று சித்தாந்திகள் கழிப்பர், கழிக்க. அவரிட்ட சோறுங் கழிக்கத்தக்கதோ?

இடங்கழி நாயனார் அரசு வீற்றிருந்ததும் அவ்வூரே. அடியார்க்கு அமுதாக்க நெல்லின்றி, நள்ளிரவில் அரசர் நெற்கூட்டிற் புகுந்து பிடிபட்ட அடியாரை அவர் ஒறுத்திலர். நெல்லேயன்றிப் பண்டாரத்தையும் அடியார் கொள்ளை கொள்ளுமாறு பறையறைவித்தார். அத்தகைய ஊரில் விழா வகுத்து, வந்தார்க்குச் சோற்றை விலைக்கு விற்றல் எத்துணைப் பேதைமை!

அற்றேல், நாயனார் குருபூசை ஐப்பசிக் கார்த்திகையன்றோ, அது மழைக்காலமாகலின் வெளியூரார் வாராரெனின், வாராதொழிக. உள்ளூரார் கூடின் விழாவாகாதோ? குருபூசையும் மாகேசுர பூசையும் அந்நாளிலேயே முசுகுந்தேசுவரர் கோயிலில் நிகழ்க. சொற்பொழிவும் இசையும் அறுவடை கழிந்தபின் ஒரு சனி ஞாயிறில் நிகழினும் இழுக்கில்லை.

சட்டமும் மேடை விழாவினர்க்குத் துணையன்று. பாதுகாக்கப்பெற்ற சின்னங்களுள் மத்திய அரசின் எழுத்து அனுமதியின்றிக் கூட்டமுங் கேளிக்கையும் நடத்தலாகாதென்பது 1959ஆம் ஆண்டு விதி. ஏற்கப்பெற்ற சமய வழக்கிற்கே அவ்விலக்கு இல்லை. ஆகலின், பந்தரும் ஒலிபெருக்கியும் மதிற்புறத்தே நெடுந்தொலைவில் நிற்க. உள்ளே, கல்வெட்டறிந்த ஒருவர் அவ்வடமொழிச் சாசனத்தின் பொருளைத் தமிழில் உழவர்க்கும் பிள்ளைகட்கும் விளங்கச் சொல்லுக. செலவுத்திட்டம் எழுதுவோர் அரிசிக்கும் பருப்பிற்கும் உரியதை முதலில் ஒதுக்கி, எஞ்சியதுகொண்டு விளக்கிற்கு அச்சாரங் கொடுப்பாராக.