கணக்குப் புத்தகத்துக்கு இருக்கும் பொறுமை வாத்தியாருக்கு இல்லையா?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்த எல்லோருக்கும் அந்த எரிச்சல் தெரியும். ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்போம். கடைசியில் இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகாது. வித்தியாசம் 180. எங்கள் அக்கவுண்டன்சி சார் அதற்கு ஒரு வழி சொன்னார். வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படு. போய்ப் பார்த்தால் 4,530ஐ 4,350 என்று பேரேட்டில் எழுதியிருப்போம்.

அதாவது, மனுஷன் என்றால் இலக்கத்தை மாற்றி எழுதுவான் என்று கணக்கியல் ஒத்துக்கொள்கிறது. தப்பு உடனே அகப்படவில்லையா? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடு என்கிறது.

அதே வகுப்பில் என் பெஞ்சில் ஒருவன் இருந்தான். அவனுக்கு இது தினமும் நடந்தது. இலக்கம் இடம் மாறும். வாசிக்கும்போது வரி தாண்டிவிடும். வாயால் கேட்டால் தேய்மானத்தை என்னைவிடத் தெளிவாக விளக்குவான். ஆனால் அவனுக்குக் கிடைத்த பட்டங்கள் சோம்பேறி, கவனமில்லாதவன், மாடு மேய்க்கத்தான் லாயக்கு. கொடுத்தவர் 9ஆல் வகுக்கச் சொன்ன அதே சார்தான்! பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே படிப்பை விட்டுவிட்டான். இப்போது மாமா கடையில் கல்லாவில் இருக்கிறான். கால்குலேட்டர் இருக்கிறது, யாரும் கத்துவதில்லை, கணக்கு சரியாக வருகிறது.

அவனுக்கு டிஸ்லெக்ஸியாவா? தெரியாது. யாருமே பரிசோதிக்கவில்லை. என் கோபமே அதுதான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் உண்டு. பள்ளிகள் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும், அதற்கேற்பப் பாடம் நடத்த வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்தபோதே அது அமலில் இருந்தது.

நடப்பது என்ன? பொதுத்தேர்வு நெருங்கும்போது சான்றிதழுக்கு ஓடுவார்கள். கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கிடைக்கும். தேவைதான். ஆனால் பத்து வருஷம் புரியாமலே உட்கார வைத்துவிட்டு, கடைசி நாளில் ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் அதில் என்னத்தை எழுதுவான்?

"அவனுக்கு மட்டும் கூடுதல் நேரமா? எங்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று என் கல்லூரி நண்பர்களே கேட்கிறார்கள். பரீட்சை எதை அளக்கிறது? கணக்கியல் தெரியுமா என்றா, வேகமாக எழுத வருமா என்றா? எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு யுபிஎஸ்சி தேர்வரின் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதைக் காட்டி, சொல்வதை எழுதும் ஆளை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் இன்னும் இதைச் "சலுகை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். தயவு செய்து அந்த வார்த்தையை விடுங்கள். இது உரிமை.

வகுப்பறையில் கேட்பதும் பெரிய செலவில்லை. தடுமாறும் பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். கட்டம் போட்ட தாள் கொடுங்கள், இலக்கம் அதனதன் இடத்தில் நிற்கும். கணக்கைப் படிப்படியாகப் போர்டில் எழுதி, அழிக்காமல் விடுங்கள். சில கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல விடுங்கள். ஓரிடத்தில் உட்கார முடியாதவனை நோட்டு வாங்கிவர அனுப்புங்கள். 60 பேர் வகுப்பில் ஒரே ஆசிரியர் என்ன செய்வார் என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் சிறப்பாசிரியர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் சண்டை போடுங்கள், பையனிடம் அல்ல.

2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தை டிவியில் பார்த்து அழாத ஆசிரியர் குறைவு. மறுநாள் காலை வகுப்பில் மட்டும் அது ஞாபகம் வருவதில்லை.

180 ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி முழுக்கத் தேடக் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பில் ஒரு பையன் குறைந்தபோது யாரும் தேடவில்லை.