வெள்ளம் தந்த மண்ணை வெள்ளத்திற்கே விட்டுவைப்போம்

வெள்ளச் சமவெளி என்றதும் நம்மில் பலருக்குச் சேறும் சதுப்பும்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் தேங்கும் இடம், கொசு பெருகும் இடம், செம்மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினால்தான் உருப்படும் இடம் என்று ஓர் எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. மண்ணியல் சொல்வது வேறு. வெள்ளம் வந்து போகும் அதே சமவெளியில், ஆற்றின் கரையை ஒட்டியே, நீர் நன்றாக வடியும் மண்ணும் இருக்கிறது. பயிர்களுக்கு ஏற்ற மிக நல்ல மண்களில் அதுவும் ஒன்று. மிச்சமிருக்கும் அந்த மண்ணையாவது சிமெண்டால் மூடாமல் விட வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த மண் எப்படி உருவாகிறது? ஆறு கரை புரளும்போது நீர் பக்கவாட்டில் பரவுகிறது. பரவியதும் அதன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீரால் கனமான துகள்களைத் தூக்கிச் செல்ல முடியாது. எனவே மணலும் பருமனான வண்டலும் கரையோரத்திலேயே படிந்துவிடுகின்றன. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள்கள் மட்டும் நீரோடு வெகுதூரம் போய், தேங்கும் நீரில் மெல்லப் படிகின்றன. ஒவ்வொரு வெள்ளத்திலும் இதுவே நடப்பதால், கரையோரத்தில் சற்று உயர்ந்த கரைமேடு உருவாகிறது. அதற்குப் பின்னால் தாழ்ந்த சதுப்பு உருவாகிறது. கரைமேட்டு மண்ணில் நீர் வடியும், பின்சதுப்பில் தேங்கும்.

மலேசிய மண் வரைபடங்களில் இந்த இரண்டும் அருகருகே வருகின்றன. ஆற்றோரங்களில் 'தெலேமோங் – அக்கோப்' என்று ஒரே பிரிவாகக் குறித்திருப்பார்கள். தெலேமோங் நீர் வடியும் மண் வகை. அக்கோப் நீர் தேங்கும் களிமண் வகை. ஒரே ஆறு பெற்ற இரண்டு பிள்ளைகள் என்று சொல்லலாம். பழைய மலாய்க் கிராமங்களின் அமைப்பும் இதையே காட்டுகிறது. வீடுகளும் பழமரங்களும் கரைமேட்டில் இருக்கும்; நெல் வயல் பின்னால் உள்ள தாழ்நிலத்தில் இருக்கும். மண் வரைபடம் வருவதற்கு முன்பே மக்கள் மண்ணைப் படித்திருந்தார்கள்.

'நீர் வடியும் மண்' என்றால் நீரைப் பிடிக்காத மண் என்று பொருளல்ல. மணல், வண்டல், சிறிது களி மூன்றும் கலந்த மண்ணில் பெரிய துளைகளும் உண்டு, சிறிய துளைகளும் உண்டு. மழை ஓய்ந்த ஓரிரு நாளில் பெரிய துளைகளிலுள்ள நீர் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தில் காற்று புகும். சிறிய துளைகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். வேருக்குத் தண்ணீரும் வேண்டும், உயிர்வளியும் வேண்டும். இந்த மண் இரண்டையும் ஒருசேரத் தருகிறது.

மண்ணின் நிறமே இதைச் சொல்லிவிடும். காற்று புகும் மண்ணில் இரும்பு உயிர்வளியோடு சேர்ந்து பழுப்பு அல்லது மஞ்சள்பழுப்பு நிறம் தரும். நீண்ட நாள் நீர் தேங்கிய மண் சாம்பல் நிறமாகும். இடையிடையே துருநிறப் புள்ளிகள் தெரியும்.

இந்த மண்ணின் பயன் என்ன? வாழை, சோளம், நிலக்கடலை, காய்கறி, பழமரங்கள் எல்லாம் இதில் செழிக்கும். தமிழ்நாட்டில் காவிரிக் கரையை ஒட்டிய இத்தகைய நிலத்தைப் 'படுகை' என்பார்கள். திருச்சிக்கு மேற்கே தொட்டியம், குளித்தலை வட்டாரங்களில் வாழையும் வெற்றிலையும் பெயர் பெற்றதற்குக் காவிரி நீரோடு அந்தப் படுகை மண்ணும் ஒரு காரணம். இந்த மண்ணுக்குக் குறைகளும் உண்டு. மணல் அதிகமானால் உரச்சத்து மழையில் கரைந்து கீழே போய்விடும். வறட்சியில் விரைவில் காயும். முன்பெல்லாம் அடுத்த வெள்ளம் கொண்டு வரும் புது வண்டல் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்தது. வெள்ளம் இல்லையென்றால் இந்த மண்ணே இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டமாக இருந்தது. ஆனால் கிள்ளான் ஆறும் டாமன்சாரா ஆறும் இந்த வட்டாரத்தின் தாழ்நிலங்களை ஒட்டியே ஓடுகின்றன. ஆற்றோர நிலங்களில் பெரும்பகுதி வீடமைப்பு, தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை என்று மாறிவிட்டது. 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோலாலம்பூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் அறிவித்தார்கள். நமக்குப் பக்கத்தில், கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருக்கும் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2021 வெள்ளங்களின் மொத்த இழப்பை 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

'மண்ணைத் திறந்து வைத்திருந்தால் இவ்வளவு மழையையும் அது குடித்திருக்குமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். நிலத்தடி நீர்மட்டத்திற்கு மேலே 1 மீட்டர் ஆழத்திற்கு மண் இருக்கிறது, அதில் 15 விழுக்காடு காற்றிடம் என்று வைத்துக்கொண்டால், அது 150 மில்லிமீட்டர் மழையை ஏற்கும். ஒரு ஹெக்டருக்கு அது 15 லட்சம் லிட்டர். சிமெண்டுத் தளம் அதில் ஒரு துளியைக்கூட ஏற்காது; அத்தனையையும் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் தள்ளிவிடும். ஆனால் முதல் நாள் மழையிலேயே மண் நனைந்திருந்தால், அல்லது ஆறு பெருகி நிலத்தடி நீரும் உயர்ந்திருந்தால், இந்தக் கணக்கு பலிக்காது. பெருவெள்ளத்தை மண் மட்டும் தடுத்துவிடும் என்று சொல்வது அறிவியல் ஆகாது.

என் வாதம் வேறு. ஆறு என்றாவது ஒருநாள் தன் சமவெளிக்கு வரத்தான் செய்யும். வரும்போது அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதே கேள்வி. வாழைத்தோட்டமோ பூங்காவோ பந்துத் திடலோ இருந்தால், நீர் பரவ இடம் கிடைக்கும். ஆறு இறங்கியதும் மண் வடியும். சில நாளில் மக்கள் திரும்பவும் நடமாடலாம். அங்கே வீடு இருந்தால், மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் பள்ளிப் புத்தகங்களும் குப்பையாகும். சில வீடுகளில் உயிரே போகும். வெள்ளம் ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல.

சுபாங் ஜெயாவில் நிலத்தின் விலை அதிகம், வீடு தேவைப்படுவோரும் அதிகம் என்பது உண்மையே. அதற்காக வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேட்டு நிலத்தில் உயரமாகக் கட்டலாம். ஆற்றோரத்தை மட்டும் விட்டுவைக்கலாம். நீர்ப்பாசன, வடிகால் துறையின் வழிகாட்டியே 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறது. அதை ஒரு சடங்காக எண்ணாமல், மண்ணையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒதுக்கிய நிலத்தின் மேல் செம்மண் கொட்டி இயந்திரத்தால் அழுத்திப் புல் நட்டால், அது பார்வைக்குத்தான் பச்சை. அழுத்தத்தில் பெரிய துளைகள் மூடிப்போக, நீர் மேலேயே நிற்கும். இன்னொன்று, நகர ஆற்றோர மண்ணில் கழிவுகள் கலந்திருக்கலாம். அங்கே காய்கறி பயிரிடும் முன் மண்ணைச் சோதிப்பது கட்டாயம்.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியரின் அனுமதியோடு பள்ளித் திடலில் ஓரிடமும், மரத்தடியில் ஓரிடமும் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளங்கள். 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் வடிகால் போதாது. 7 சென்டிமீட்டர் வரை இறங்கினால் நல்ல வடிகால். தோண்டிய மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குழிகளை மூட மறந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு அருகே ஆற்றோர நிலத்தில் கட்டுமான அறிவிப்புப் பலகை எழும்பினால், பெற்றோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே இருப்பது என்ன மண், ஆறு கடைசியாக எப்போது அங்கே வந்தது? அந்தக் கேள்வியை அவர்கள் மாநகராண்மையிடம் கேட்கட்டும். ஆறு பல நூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மண்ணை ஒரு வாரத்தில் மூடிவிடலாம். மூடியதைத் திரும்பப் பெறுவதற்கு அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது.