மறுக்கிற கரம் யாருக்காக?

தியானப் பகுதி: யாக்கோபு 5:1-6



பிறருடைய கூலிக்காக ஒருவர் தன் வேலையை மறுப்பது நீதியாகுமா? மயிலாப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், பணிப்பெண்ணுக்குச் சம்பளம் தராத வீட்டில் வேலை செய்ய மற்றப் பணிப்பெண்களும் மறுத்தால், நாம் யார் பக்கம் நிற்போம்?

1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஓய்வுநாளை அறிந்த ஐரோப்பிய முதலாளிகளிடமே ஓய்வுக்காகப் போராட வேண்டியிருந்தது! வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். வழக்கறிஞர் ஒருவர் பாதிச் சவரத்தோடு விடப்பட்டார் என்றும் சொல்லப்படுகிறது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. நாவிதர்களுக்கு ஆலையில் கூலி பாக்கி ஏதுமில்லை; எனினும் அயலானின் பாரத்தைத் தங்கள் வருமானத்தை இழந்து சுமந்தார்கள்.

ஆயினும், இதே மறுப்புக்கு நம் நாட்டில் வேறொரு முகமும் உண்டு. சாதிக் கட்டுப்பாட்டின் பெயரால் தலித் மக்களுக்கு முடிதிருத்தவும் துணி வெளுக்கவும் எத்தனையோ கிராமங்களில் மறுக்கப்பட்டது. செயல் ஒன்றே, ஆனால் ஒன்று பலவானின் அநீதியை எதிர்த்தது, மற்றொன்று எளியவனை நசுக்கியது. ஆகவே, மறுப்பு யார்மேல் விழுகிறது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று முதலாவது கேட்க வேண்டும்.

இதற்கு எல்லையும் உண்டு. ஓய்வுநாளிலும் சூம்பின கையை ஆண்டவர் குணமாக்கினார் (மாற்கு 3:1-6). உயிர்காக்கும் சிகிச்சையையும் குடிநீரையும் நிறுத்துவதை எந்த நியாயமும் நீதியாக்காது.

வேலைக்காரர் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்குக் கொலோசெயர் 3:22-ஐக் காட்டுவோர், எஜமான்கள் நீதியும் செவ்வையுமானதைச் செய்யக் கட்டளையிடும் 4:1-ஐயும் வாசிக்கட்டும்.

அன்பானவர்களே, அந்தக் குடியிருப்பில் நீங்கள் இருந்தால், குறைந்த சம்பளத்திற்கு வேறொருவரை ஏற்பாடு செய்து கொடாதிருங்கள். உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணை அங்கே போகும்படி வற்புறுத்தாதிருங்கள். அவ்வீட்டில் முதியவர் இருந்தால் நீங்களே உணவு கொண்டுபோங்கள். தராத சம்பளத்தைப் பற்றியும் பேசுங்கள். அண்டைவீட்டாரின் மனம் கோணும் என்று நாம் மௌனமாயிருந்தால், நிறுத்திவைக்கப்பட்ட கூலியின் கூக்குரல் கர்த்தருடைய செவியை எட்டும்போது, நம் மௌனமும் அங்கே கேட்கப்படும்.

கர்த்தர் நமக்குத் துணிவும் இரக்கமும் தருவாராக. ஆமென்.