செவியும் முகக்குறிப்பும்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென வகுத்தார் தொல்காப்பியர். கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணர வல்லார்க்கன்றிப் பிறர்க்கு அவற்றின் நுண்பொருள் எளிதில் விளங்காது என மெய்ப்பாட்டியலின் இறுதியில் உரைத்தார். அங்ஙனமாயின், காது கேளாத இளைஞர் பிறர் முகத்தில் உள்ளக்கருத்தை எவ்வாறு உணர்வர்? இதனைச் சிறிது ஆராய்வாம்.

ஒரு புலன் குன்றின் மற்றொன்று கூர்மையுறும். ஆதலின் அவர் நம்மினும் நன்கு முகம் அறிவர் என்பார் சிலர். அவர்க்கு அது விளங்கவே விளங்காது என்பார் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. வெளிப்படத் தோன்றும் நகையையும் வெகுளியையும் காணக் கண்ணே போதும். முகமும் குரலும் முரணுமிடத்தே இடர் தோன்றுகின்றது. முகம் நகைக்கக் குரல் இகழுமாயின், கேளாதவர் நகையை மட்டுமே காண்பர். பகடியும் ஊடலும் மிகுந்த இளமைப் பருவத்தில் இஃது எத்துணை நட்பினைக் குலைக்கும்! 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் முகக்கவசம் பாதி முகத்தை மறைத்தபோது இவ்விடர் பின்னும் மிகுந்தது.

இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. "அண்ணன் ஏன் சினந்தான்? அம்மா ஏன் அழுதாள்?" என வினவியும், வீட்டார் பேசுவதை அருகிருந்து கேட்டுமே குழந்தை உணர்ச்சிகளின் பெயரையும் காரணத்தையும் கற்கின்றது. காது கேளாத குழந்தைகளுள் மிகப் பலர் கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். அவ்வில்லங்கள் பலவற்றில் சைகை மொழி அறிந்தார் ஒருவருமிலர். பிறர் எண்ணத்தை உய்த்துணர்தலில் இத்தகைய பிள்ளைகள் பின்தங்குவதையும், சைகை மொழி வழங்கும் இல்லத்தில் வளர்ந்தோர் அங்ஙனம் பின்தங்காமையையும் பீட்டர்சன், சீகல் என்போர் 1995, 1999 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. ஆகவே, குறை பெரிதும் வீட்டின் மௌனத்தில் உள்ளது என்பதே எம் கருத்து.

கையும் முகமும் பேசும் என்பது நம் ஊரார்க்குப் புதிதன்று. திருவரங்கத்தில் பகற்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர் பாசுரப்பொருளை அபிநயத்தால் விளக்குதலைத் திரள்திரளாகச் சென்று காண்கின்றோம். ஆயின், காவிரிப் பாலத்தைக் கடக்கும் பேருந்தில் இரண்டு இளைஞர் கைகளால் உரையாடக் கண்டால் வேடிக்கை பார்த்து அகல்கின்றோம். இந்தியச் சைகை மொழிக்கென 2015-ஆம் ஆண்டில் புதுதில்லியில் ஆராய்ச்சிப் பயிற்சி மையம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் அகராதியும் வெளிவந்துள்ளது. கல்லூரிகள் பல நிறைந்த திருச்சிராப்பள்ளியில் மாணவர் வாரம் ஒரு மணி நேரம் அம்மொழியைப் பயிலுதலும், பெற்றோர்க்கு மாலை வகுப்பு நடத்துதலும் அரிய செயலல்ல.

மெய்ப்பாடு எட்டும் மாந்தர் யாவர்க்கும் பொது. அவற்றின் பெயரை ஒருவர்க்குக் கற்பியாது விடுத்துப் பின்னர் அவர் குறிப்பறியார் எனக் கூறுதல் அறமாகாது.