மருந்து கையிலிருந்தும்...

நோய் வந்தபின் மருந்து தேடி அலைபவர் பலர். மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து நோயில் விழுபவரும் உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகைக் கேடாகும்.

அன்று வைத்தியசாலைக் கணனிகளின் திரைகளில் ஓர் அறிவித்தல் தோன்றியது. கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன. 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கட்டினால் திறக்கப்படும். மூன்று நாள் தாமதித்தால் தொகை இரட்டிப்பாகும். 'வான்னாக்ரை' எனப்பட்ட இந்தத் தாக்குதலால் 236 ட்ரஸ்ட்களில் குறைந்தது 81 பாதிப்படைந்தன. 595 ஜீ.பி. நிலையங்களில் தொற்று ஏற்பட்டது. ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் எனப் பின்னர் கணிக்கப்பட்டது. புற்றுநோயோ என்ற ஐயத்தில் அவசரமாக அனுப்பப்பட்டிருந்த 139 பேரின் சந்திப்புகளும் தடைப்பட்டன. கணனி நோய் மனித நோயாளரைத் தொடும் விதம் இதுவே.

இது எப்படி நேர்ந்தது? மென்பொருள் என்பது மனிதர் எழுதிய இலட்சக்கணக்கான வரிகள். அதில் பிழைகள் இருந்தே தீரும். அந்நியர் உள்ளே நுழைய இடம் கொடுக்கும் பிழை 'பாதுகாப்புப் பலவீனம்' எனப்படும். விண்டோஸ் கணனிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் பகுதியில் அத்தகைய பிழையொன்று இருந்தது. அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவரகம் அதைக் கண்டறிந்து, வெளியே சொல்லாமல், தன் தேவைக்கு ஒரு கருவி செய்து வைத்திருந்தது. 2017 ஏப்ரல் 14இல் அந்தக் கருவி களவாகப் பகிரங்கமாயிற்று. அதைக் கொண்டே வான்னாக்ரை செய்யப்பட்டது. எவரும் ஒரு கடிதத்தைத் திறக்க வேண்டியதில்லை; காப்பற்ற கணனியொன்று வலையமைப்பில் இருந்தாற் போதும், சின்னமுத்துப் போல அது தானாகவே பரவியது.

ஆனால், மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதற்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. மருந்துக்கும் நோய்க்கும் இடையில் 59 நாட்கள் இருந்தன! சுகாதார சேவையின் கணனிப் பிரிவு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகளும் அனுப்பியிருந்தது. எந்தப் பலவீனத்தை எதிரி நாடுகிறான், எவருக்கு ஆபத்து, உடன் செய்யவேண்டியது யாது என்று முன்கூட்டியே அறிவிப்பதுதான் அச்சுறுத்தல் பற்றிய முன்னறிவு. வாந்திபேதி பரவும்போது வைத்தியர்களுக்கு வரும் சுற்றறிக்கையை அது ஒத்தது. ஆயினும் தொற்றுக்குள்ளான ஒவ்வோர் இடத்திலும் திருத்தமிடாத, அல்லது ஆதரவு முடிந்த விண்டோஸ் இருந்ததைத் தேசிய கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டு ஒக்டோபரில் வெளிப்படுத்தியது. எச்சரிக்கையை ஏற்று நடந்தார்களா எனப் பார்க்க முறையான ஏற்பாடு எதுவும் சுகாதாரத் திணைக்களத்திடம் இருக்கவில்லை.

வைத்தியசாலையை மூடிவிட்டுக் கணனி திருத்த முடியுமா என்று கேட்பது நியாயமே. ஸ்கேன் இயந்திரங்கள் சில பழைய விண்டோஸிலேயே இயங்குபவை. விற்ற நிறுவனமே அவற்றைத் திருத்த வேண்டும். ஆனால் தடுப்பூசி போட முடியாத நோயாளியைத் தனி அறையில் வைத்துக் காப்பதில்லையா? அத்தகைய இயந்திரத்தை மற்ற வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்திருக்கலாம். பிழையை மறைத்து வைத்த முகவரகத்தையும் குற்றவாளிகளையும் கண்டிப்பது சரியே. எனினும் அவர்கள் குற்றம் இவர்கள் அசட்டையைக் கழுவிவிடாது.

அன்று மேலும் பெருங்கேடு விளையாமற் போனது மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞராலேயே. அந்த நிரல் இல்லாத ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டு, அப்பெயரை அவர் பதிவு செய்ததும் பரவல் நின்றது. அதிர்ஷ்டத்தை நம்பி எவரும் சத்திர சிகிச்சைக்குப் படுப்பதில்லை.

எல்லோருக்கும் அனுப்பிய எச்சரிக்கை எவருக்கும் அனுப்பாததற்குச் சமம். பெரிய வைத்தியசாலையானாலும் சிறிய சங்கமானாலும், இன்னார் பொறுப்பு என்று ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அங்கத்தவரின் விலாசங்களும் நன்கொடைக் கணக்கும் உள்ள சங்கக் கணனிக்கும் இது பொருந்தும். கணக்கறிக்கை கேட்கும் நிருவாகக் குழு, 'இம்மாதத் திருத்தங்கள் இட்டாயிற்றா? பிரதி தனியே எடுத்து வைத்தாயிற்றா?' என்றும் கேட்கட்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. சங்கத்தின் பழைய கணனி எந்த வகையினது என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன் பார்த்துவிடுதல் நன்று.

வீட்டில் கைத்தொலைபேசி திருத்தம் கேட்கும்போது 'பிறகு' என்று அமத்துபவர்கள், அந்த 59 நாட்களை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.