பட்டை மாறினால் பதவி போச்சா?

சென்ற தீபாவளிக்குப் பாட்டியின் தோ பாயோ வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து முறுக்குத் தட்டு சுற்றி வந்த நேரத்தில், மாமா தம் வேலையிடத்தில் எடுத்த புதுப் படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன்டா, உன் பட்டையெல்லாம் எங்கடா போச்சு?"

மாமா ராணுவத்தில் சிக்னல்ஸ் எனப்படும் தொலைத்தொடர்புப் பிரிவில் 16 ஆண்டுகள் இருந்தவர். ஸ்டாஃப் சார்ஜண்ட். அந்தச் சீருடையோடு அவர் எடுத்துக்கொண்ட படம் பாட்டி வீட்டு வரவேற்பறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. புதுப் படத்தில் அந்தப் பழைய சின்னம் இல்லை. பாட்டிக்குப் புரியாத வேறொரு சின்னம் இருந்தது.

மாமா விளக்குவதற்குள் பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டுவிட்டார்: "பதவியக் கொறச்சிட்டாங்களா? ஏதாச்சும் பிரச்சினையா?"

மாமா சிரித்துச் சமாளித்தார். ஆனால் கைப்பேசியைப் பையில் போட்டவர் அன்றிரவு அதை மறுபடி வெளியே எடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

உண்மையில் நடந்தது இதுதான். மாமா புதிய படைப்பிரிவுக்கு மாற விண்ணப்பித்தார். இணையப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, ராணுவ வல்லுநர் என்ற வேறு பணித்திட்டத்துக்குள் வந்தார். யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. அவரேதான் கேட்டு மாறினார். 38 வயதில், தம்மைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து படித்தார்.

பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். ராணுவத்தில் பதவிக் குறைப்பு என்பது சட்டப்படி ஒரு தண்டனையும்கூட. ஆகவே ஒருவருடைய சின்னம் மாறிவிட்டால் பார்ப்பவர் மனத்தில் முதலில் சந்தேகம்தான் எழுகிறது. ஆனால் விரும்பி மாறுபவரையும் தண்டிக்கப்பட்டவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

மாமா சேர்ந்த இடத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஆயுதப் படையில் நெடுங்காலமாகத் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை என மூன்றுதான் இருந்தன. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி நான்காவதாக மின்னிலக்க, உளவுத்துறைச் சேவை தொடங்கப்பட்டது. உளவு, தொலைத்தொடர்பு, கணினிக் கட்டமைப்பு, இணையத் தற்காப்பு என்று அங்கங்கே இருந்த பிரிவுகளை அது ஒன்றுசேர்த்தது. சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு படை புதிதாகப் பிறக்கும்போது, அதிலேயே இருபது ஆண்டு அனுபவம் பெற்றவர் என்று எவரும் இருக்க முடியாது. அதன் முதல் தலைமுறை முழுவதும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள்தான். மாறி வருபவர்கள் இல்லையென்றால் அந்தப் படையே இல்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. பிரிட்டனின் விமானப்படை 1918 ஏப்ரல் 1ஆம் தேதி உருவானபோது, தரைப்படையின் விமானப் பிரிவையும் கடற்படையின் விமானப் பிரிவையும் இணைத்துத்தான் உருவாக்கினார்கள். மறு ஆண்டு பதவிப் பெயர்களையே மாற்றினார்கள். மேஜராக இருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆனார். லெஃப்டினன்ட் கர்னல், விங் கமாண்டர் ஆனார். அமெரிக்காவில் 2019 டிசம்பரில் விண்வெளிப் படை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஜான் ரேமண்ட் ஆகாயப்படையிலிருந்து வந்தார். பிறகு தரைப்படை, கடற்படை வீரர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது.

பதவிப் பெயர்களே சில நேரம் நம்மை ஏமாற்றும். இந்தியத் தரைப்படையில் கேப்டன் என்பவர் ஓர் இளம் அதிகாரி. இந்தியக் கடற்படையிலோ கேப்டன் என்றால் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். சிங்கப்பூரில் அந்தக் குழப்பம் குறைவு. கர்னல் வரை எல்லாப் படைகளுக்கும் ஒரே பெயர்கள்தான். அதற்கு மேலேதான் கடற்படைக்கு ரியர் அட்மிரல் என்று தனிப்பெயர் வருகிறது. ஆனால் 2010ல் அறிமுகமான ராணுவ வல்லுநர் திட்டத்தில் சார்ஜண்ட், மேஜர் போன்ற பெயர்கள் கிடையாது. எம்.இ. 1 முதல் எம்.இ. 8 வரையிலான படிகள்தான். ஆழ்ந்த தொழில்நுட்பத் திறன் கொண்டவர்கள், ஆட்களை வழிநடத்தும் பதவிக்குப் போனால்தான் முன்னேற முடியும் என்றில்லாமல், தங்கள் துறையிலேயே உயர்வதற்காக வந்த திட்டம் அது. நோக்கம் நல்லது. ஆனால் "சார்ஜண்ட்" என்றால் பாட்டிக்குப் புரியும். "எம்.இ." என்றால் யாருக்குப் புரியும்?

நம் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், பாதி வழியில் பாதை மாறியவர்களை வைத்துத்தான் இந்த நாட்டின் படையையே கட்டினார்கள் என்று தெரியும். சுதந்திரம் கிடைத்தபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அனுபவம் வாய்ந்த தளபதிகளுக்கு எங்கே போவது? காவல்துறை அதிகாரியான டான் டெக் கிம் படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பிறகு காவல்துறைக்கே திரும்பி 1971ல் அதன் ஆணையரானார். அவரை அடுத்து 1970ல் அந்தப் பொறுப்பை ஏற்ற கிர்பா ராம் விஜ், அரசாங்க நிர்வாகப் பணியில் இருந்துகொண்டே தொண்டூழியப் படையில் சேர்ந்தவர். 1966ல் சாஃப்டி பயிற்சிக் கழகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். இவர்களை யாரும் "நிலையில்லாதவர்கள்" என்று சொல்லவில்லை. முன்னோடிகள் என்கிறோம்.

நம் சமூகத்துக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமா? சென்னையில் மருத்துவம் படித்து, 1940ல் சிங்கப்பூருக்கு வந்து, ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர் லட்சுமி சுவாமிநாதன். 1943ல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலாயா தோட்டங்களிலிருந்து வந்த நம் பெண்கள் பலர் அவருக்குக் கீழே பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பின் அவர் கான்பூரில் மறுபடி மருத்துவராகவே பல்லாண்டு வாழ்ந்தார். டாக்டர், கேப்டன், மீண்டும் டாக்டர். நாம் அவரைக் கேப்டன் லட்சுமி என்று பெருமையோடு அழைக்கிறோம். அவர் மருத்துவத்தை விட்டதையோ படையை விட்டதையோ தோல்வி என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியென்றால் மாமாவிடம் மட்டும் ஏன் "பிரச்சினையா?" என்று கேட்கிறோம்?

எனக்குத் தோன்றும் காரணம் சற்றுக் கசப்பானது. மாறுபவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் நாம் அந்த மாற்றத்துக்குப் பெயர் வைக்கிறோம். 1974 முதல் 1992 வரை நம் படைக்குத் தலைமை தாங்கிய வின்ஸ்டன் சூ பின்னர் அரசதந்திரப் பணிக்குச் சென்றார். 2011ல் தரைப்படைத் தலைவராக இருந்த சான் சுன் சிங் அரசியலுக்கு வந்தார். மூத்த தளபதிகள் ஐம்பது வயதை ஒட்டியோ அதற்கு முன்போ சீருடையைக் கழற்றிவிட்டு அரசாங்க அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் தலைமை ஏற்பது இங்கே வழக்கமான செய்தி. தளபதி துறை மாறினால் அதற்குப் பெயர் தலைமைத்துவம், பரந்த அனுபவம். ஒரு சார்ஜண்ட் மாறினால் "ஏதோ நடந்திருக்கு". தளபதியின் அனுபவம் புதிய இடத்திலும் செல்லுபடியாகும் என்று நம்புகிற நாம், சார்ஜண்டின் 16 ஆண்டு அனுபவத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம்.

மேலே இருப்பவர் தாமாகவே கீழே இறங்கி வந்தால் அதையும் நாம் நம்புவதில்லை. கர்னல் லாரன்ஸ் என்று உலகமே அறிந்திருந்த பிரிட்டிஷ் அதிகாரி 1922ல் விமானப்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். அதற்கு அவர் வேறொரு பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. செய்தித்தாள் ஒன்று அதைக் கண்டுபிடித்து எழுதியதும் சில வாரங்களில் அவர் வெளியேற்றப்பட்டார். நூறு ஆண்டுகள் ஆகியும், விரும்பி இறங்குபவர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் நம்மை விடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பதவி என்பது வெறும் அலங்காரமன்று. ஆபத்தான நேரத்தில் யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்பதற்கான ஒப்பந்தம் அது. காட்டில் முப்பது பேரை வழிநடத்தத் தெரிந்தவருக்கு மறுநாளே கப்பலை ஒப்படைக்க முடியாது. புதிய துறைக்கு வருபவர் சில படிகள் கீழிருந்து தொடங்குவது பல நேரங்களில் நியாயமே. மேலும், ஒருவரைப் பயிற்றுவிக்க நாடு பணமும் காலமும் செலவிடுகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை எல்லாரும் பிரிவு மாறிக்கொண்டிருந்தால் எந்தத் துறையிலும் ஆழம் இருக்காது.

இவற்றை நான் ஏற்கிறேன். மாமாவும் ஏற்கிறார். "வகுப்புல எனக்குப் பாடம் எடுத்த பையனுக்கு 23 வயசு. உள்ள அவன் எனக்கு சார். சாப்பாட்டு மேசையில நான் அவனுக்கு அண்ணன். இதுல என்னம்மா கஷ்டம்?" என்றார் என்னிடம். கீழிருந்து தொடங்குவது அவருக்கு வலிக்கவில்லை. அதைச் சொந்த வீட்டில் விளக்க வேண்டியிருந்ததுதான் வலித்தது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த கல்வியாண்டில் சமூகப் பணித் துறைக்கு மாற விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் மறுபடி முதலாம் ஆண்டு வகுப்பில், என்னைவிட இளையவர்களோடு உட்கார வேண்டும். அந்தத் தீபாவளி இரவில், இதை வீட்டில் சொல்லலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். பெரியப்பாவின் கேள்வியைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் போல் நம்மில் பலர் இருக்கிறோம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்பவர்கள், தொடக்கக் கல்லூரியைப் பாதியில் விட்டுத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேர்பவர்கள், தேசிய சேவையில் அதிகாரி பயிற்சியைத் தொடர முடியாமல் வேறு பொறுப்புக்கு மாறியவர்கள். கொள்கைகள் நமக்குச் சாதகமாகத்தான் மாறி வருகின்றன. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என நிலையை மாற்றிக்கொள்ளலாம். அதே ஆண்டில், நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு மறுபடி படிக்க ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வழி 4,000 வெள்ளி கூடுதல் தொகை கிடைத்தது. வழி திறந்துதான் இருக்கிறது. அதில் நடப்பவரைப் பார்க்கும் பார்வைதான் மாறவில்லை.

எனவே என் கருத்து இதுதான். படையோ பள்ளியோ நிறுவனமோ, மாறி வருபவரின் பழைய அனுபவத்தில் புதிய இடத்துக்கு எது பயன்படும் என்று முதல் நாளே உட்கார்ந்து கணக்கிட வேண்டும். 16 ஆண்டுகள் தொலைத்தொடர்புக் கருவிகளோடு வாழ்ந்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தளபதிகளுக்குக் கிடைக்கும் அந்த மரியாதையான வழியனுப்பும் வரவேற்பும் சார்ஜண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும். மாறுபவர்களாகிய நாமும், கீழ்ப்படியில் நிற்கும் காலத்தில் இளையவரிடம் கற்க வெட்கப்படக் கூடாது. குடும்பத்தினருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: "ஏன் மாறினாய்?" என்று கேட்குமுன், "அங்கே என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள்.

சென்ற மாதம் நான் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னபோது, "முதல் ரெண்டு வாரம்தான் ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பாடம் புரிய ஆரம்பிச்சிடும்," என்றார்.

பாட்டி வீட்டில் அந்தப் பழைய படம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மாமாவின் புதுப் படத்தையும் அச்சிட்டுச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வரும் தீபாவளிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப் போகிறேன். பெரியப்பா கேட்டால் இந்த முறை நானே பதில் சொல்வேன்.