துடைப்பத்திற்கு ஓர் ஆணி

"விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சலமா?" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகின்றது. தகாத இடத்தில் செய்யும் அலங்காரத்தைக் கேலி செய்வதற்காகப் பெரியோர் சொல்லி வைத்தது அது. துடைப்பத்தை மாட்டி வைக்கச் சுவரில் ஒரு பலகை வேண்டும் என்று இவ்வாரம் நான் எழுதப் புகுந்தால், நேயர்களில் பலர் அந்தப் பழமொழியையே என்மீது திருப்பி வீசுவார்கள் என்பதை அறிவேன். பட்டுக் குஞ்சலம் வேண்டாம். ஓர் ஆணி போதும் என்பதே என் விண்ணப்பம். அந்த ஆணியை அடிப்பதில் வீட்டுச் செலவும், வீட்டாரின் சுகமும், அவற்றைக் காட்டிலும் பெரிதான ஒரு விஷயமும் அடங்கியிருக்கின்றன.

துடைப்பத்திற்குத் தமிழில் பெயருக்குக் குறைவில்லை. துடைப்பது துடைப்பம். பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். அவ்வாறே தரையை விளக்கும் மாறு விளக்குமாறு. நெல்லைச் சீமையிலும் குமரியிலும் வாரியல் என்பார்கள். தென்னை ஈர்க்கைச் சீவிக் கட்டினால் ஈர்க்குமாறு. யாழ்ப்பாணத்தார் தென்னந்தும்பை நீண்ட கழியின் நுனியில் பொருத்தித் தும்புத்தடி என்று வழங்குகின்றனர். மேகாலயம் முதலிய வடகிழக்கு மலைச்சரிவுகளில் விளையும் ஒரு புல்லின் பூங்கதிர், நெடுந்தூரம் பிரயாணம் செய்து, நம் ஊர்க் கடைகளில் பூந்துடைப்பமாகத் தொங்குகின்றது. இவை போதாவென்று, கழியில் நூற்கற்றையைக் கோத்த 'மாப்' என்னும் ஈரத் துடைப்பானும் வீடுதோறும் வந்துவிட்டது.

பெயர் இத்தனை இருந்தும், இருக்க இடம் ஒன்று இல்லை. கடையில் இருக்கும்வரை துடைப்பம் கயிற்றில் தொங்குகின்றது. வீட்டிற்கு வந்த அன்றே அது கதவு மறைவுக்கும், மாடிப்படியின் அடிக்கும், கழிவறையின் ஈர மூலைக்கும் போய்ச் சேருகின்றது. ஓட்டு வீடும் கொல்லைப்புறமும் இருந்த காலத்தில் அதற்கு ஒரு தாழ்வாரமாவது கிடைத்தது. எங்கள் ரெட்டியார்பாளையத்தில் வில்லியனூர் சாலையின் இருபுறமும் இப்போது அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. அவற்றின் வரைபடங்களைப் பார்த்தால் தொலைக்காட்சிக்கு இடம் உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்திற்கு இடம் உண்டு. சுவாமி படத்திற்கு மாடம் உண்டு. இவை யாவற்றையும் தூசியின்றி வைத்திருக்கும் கருவிக்கு மட்டும் ஓர் அங்குலமும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

இதனால் வரும் நஷ்டத்தை முதலில் பார்ப்போம். துடைப்பம் பெருக்குவது அதன் நுனியால். நுனி தரையில் ஊன்ற நிறுத்திவைத்தால், அதன் சுமை முழுவதும் அந்த மெல்லிய நுனியின்மேல் விழுகின்றது. சில நாட்களில் ஈர்க்கு ஒரு பக்கமாக வளைந்துவிடும். பூந்துடைப்பமோ பூவெல்லாம் மடங்கி ஒட்டிக்கொள்ளும். வளைந்த துடைப்பம் தூசியை வாராது. தூசியின்மேல் கோடு கிழிக்கும். கீழே கிடத்தி வைத்தாலோ கரையானுக்கும் கரப்பான்பூச்சிக்கும் விருந்து.

ஈரத் துடைப்பானின் கதை இதனினும் மோசம். வேலை முடிந்ததும் அதை வாளிக்குள்ளேயே நிறுத்திவிட்டுப் போவது நம்மிற் பலருக்கு வழக்கம். அழுக்கும் ஈரமும் காற்றில்லாத இடமும் சேர்ந்தால் கிருமிகள் பெருகுவதற்கு வேறென்ன வேண்டும்? மறுநாட் காலையில் அதே நூற்கற்றையால் வீடு முழுவதும் துடைக்கிறோம். தரை பளபளக்கின்றது, ஆனால் முக்கை உறுத்தும் வாடை போவதில்லை. வாடையைப் போக்க வாசனைத் திரவம் வாங்குகிறோம். துடைப்பானை உயரே மாட்டிக் காயவிட்டிருந்தால் அந்தச் செலவே நேர்ந்திராது.

மாட்டி வைப்பதற்கான சாதனம் மிக எளியது. கடைகளில் விற்கும் பலகையில் சாய்வான பள்ளங்களும், ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் உறையிட்ட ஒரு சிறு உருளையும் இருக்கும். கழியைக் கீழிருந்து மேலாகத் தள்ளினால் உருளை மேலே நகர்ந்து வழிவிடும். கையை எடுத்ததும் கழியின் பாரமே உருளையைக் கீழே இழுத்து இறுக்கிக்கொள்ளும். பாரம் கூடக் கூடப் பிடியும் கூடும். எங்கள் வகுப்பில் உராய்வைப் பற்றியும் சாய்தளத்தைப் பற்றியும் பாடம் நடத்தும்போது, கரும்பலகையில் வரையும் படங்களைவிட இந்தச் சிறு சாதனத்தையே மாணவர்கள் சீக்கிரம் புரிந்துகொள்ளுகிறார்கள்.

கடைச் சாதனம் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்றரையடிப் பலகை ஒன்றைச் சுவரில் திருகாணியால் முடுக்கி, ஒரு சாண் இடைவெளியில் மூன்று முளைகளை அடித்துவிட்டால் தீர்ந்தது. ஈர்க்குமாற்றின் கட்டில் கயிற்றுக் கண்ணி ஒன்றைக் கோத்துவிட்டால் அது முளையில் தொங்கும். கழிகளின் தலையில் ஒரு துளையிட்டுக் கயிறு கோப்பது பத்து நிமிஷ வேலை. கடற்காற்று வீசும் நம் ஊரில் இரும்பாணி துருவேறிச் சுவரில் கறையை வடிக்கும். பித்தளையோ துருப்பிடியாத எஃகோ நல்லது. பசையால் ஒட்டும் வகையைச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு பலகையும் கீழே வந்துவிடும்.

உயரத்தையும் இடத்தையும் கவனிக்க வேண்டும். துடைப்பத்தின் நுனி தரையிலிருந்து நாலு விரற்கடையாவது மேலே நிற்க வேண்டும். ஈரத் துடைப்பானை நன்றாகப் பிழிந்து, நூற்கற்றை கீழ்நோக்கி இருக்கும்படி, காற்றாடும் இடத்தில் தொங்கவிட வேண்டும். மேல்நோக்கி வைத்தால் ஈரம் கழிக்குள் இறங்கும். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் அருகில் வேண்டாம். கழிவறைத் துடைப்பத்திற்குத் தனி ஆணி, அதுவும் கழிவறைக்குள்ளேயே. அதைச் சமையலறைத் துடைப்பத்தோடு சேர்த்து மாட்டுவது சுத்தமாகாது.

எங்கள் தெருவில் உள்ள ஒரு மூதாட்டியாரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சம்மதமில்லை. "என்ன வாத்தியாரே, துடைப்பம் லட்சுமியாச்சே! வர்றவங்க போறவங்க கண்ணிலே படும்படி ஆணியிலே தொங்கவிடறதா?" என்றார்.

"லட்சுமி என்றால் மூலையிலே ஈரத்திலே நிறுத்தலாமா, பாட்டியம்மா?" என்றேன்.

அவர் சற்று யோசித்து, "அதுவும் சரிதான். ஆனா காலிலே படாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

காலில் படலாகாது என்பதுதான் நம் பாட்டிமார்கள் போட்ட விதி. சுவரில் மாட்டிய துடைப்பம் ஒருவர் காலிலும் படாது. ஆகவே சாஸ்திரத்துக்கும் சுகாதாரத்துக்கும் இந்த விஷயத்தில் வழக்கு ஒன்றுமில்லை.

நிற்க. மற்ற தேசத்தார் இதில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் பயனுடையது. அமெரிக்காவில் 'ஷேக்கர்' என்னும் ஒரு சமயக் கூட்டத்தார் இருந்தனர். சுத்தத்தையும் கைத்தொழிலையும் வழிபாட்டுக்குச் சமமாகக் கொண்டவர்கள் அவர்கள். உருண்டையாக இருந்த துடைப்பத்தைத் தட்டையாகக் கட்டித் தைக்கும் முறையை 1798ஆம் வருஷ வாக்கில் கண்டுபிடித்தவர் அவர்களுள் ஒருவரான தியோடர் பேட்ஸ் என்பர். அவர்கள் வீட்டு அறைகளில் சுவரைச் சுற்றி மரச்சட்டம் ஓடும். சட்டம் நெடுக முளைகள். துடைப்பமும் தொப்பியும் அந்த முளைகளில் தொங்கும். நாற்காலியைக்கூடத் தூக்கி அதில் மாட்டிவிட்டுத் தரையைத் தடையின்றிப் பெருக்குவார்கள்.

ஸ்பெயின் தேசத்தில் மனுவேல் ஹலோன் என்னும் பொறியாளர், பெண்கள் முழந்தாளிட்டுத் தரை துடைப்பதற்கு மாற்றாக, நீண்ட கழியுள்ள துடைப்பானையும் அதைப் பிழியும் வாளியையும் 1956இல் செய்து விற்கத் தொடங்கினார். அந்த நாட்டுப் பெண்கள் தரையிலிருந்து எழுந்து நின்றது அந்தக் கழியைப் பற்றிக்கொண்டுதான் என்று சொல்லலாம்.

நம் நாட்டிலோ துடைப்பம் இன்றும் குட்டையாகவே இருக்கின்றது. அதைப் பிடிப்பவர் இடுப்பை வளைத்து, வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் குனிந்தபடியே போக வேண்டியிருக்கின்றது. நீண்ட கழி போட்டால் என்ன என்று கேட்டால், "அதை எங்கே வைப்பது? சாய்த்தால் விழுகிறதே!" என்ற பதில் வருகின்றது. சுவரில் ஓர் ஆணி இல்லாததால் ஒரு பெண்மணியின் முதுகு வளைகின்றது. துடைப்பத்தின் இடம் அற்ப விஷயம் அல்ல என்பது இங்கே விளங்கும்.

ஏன் அதை மறைத்து வைக்கிறோம்? கத்தியையும் கரண்டியையும் மறைப்பதில்லை. ஏரும் மண்வெட்டியும் வாயிற்புறத்திலேயே சார்த்தப்பட்டிருக்கின்றன. துடைப்பத்தை மாத்திரம் மறைப்பதற்குக் காரணம், அந்த வேலையை நாம் இழிவாக எண்ணியதுதான். வேலையை இழிவாக எண்ணினோம். பிறகு அதைச் செய்தவர்களையும் இழிவாக எண்ணினோம். துடைப்பம் கதவுக்குப் பின்னால் நின்றது. அதைப் பிடித்த மனிதர் ஊருக்குப் பின்னால் நின்றார்.

நம்முடைய பழைய நெறி இதுவன்று. புதுச்சேரிக்கு அண்மையில், பண்ருட்டியை ஒட்டி இருக்கின்றது திருவதிகை. அங்கே திலகவதியார் விடியுமுன் எழுந்து கோயிலில் திருவலகிட்டு, திருமெழுக்கிட்டுத் தொண்டு செய்ததைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். அலகு என்பது துடைப்பந்தான். அதற்குத் 'திரு' என்னும் அடைமொழியைக் கொடுத்து அழைத்தனர் நம் முன்னோர். அந்த அம்மையாரின் தம்பியாகிய திருநாவுக்கரசரின் உருவத்தைச் சிவாலயங்களில் பாருங்கள். புல்லைச் செதுக்கும் உழவாரம் அவர் தோளிலே இருக்கும். துப்புரவுக் கருவியைத் தோளில் தாங்கியவரைக் கைகூப்பி வணங்குகிறோம். வீட்டிற்கு வந்ததும் அதே இனத்துக் கருவியைக் கதவுக்குப் பின் தள்ளுகிறோம்.

1901ஆம் வருஷத்துக் கல்கத்தா காங்கிரஸுக்குக் காந்தியடிகள் வந்திருந்தபோது, பிரதிநிதிகள் தங்கிய இடத்துக் கழிவறைகள் சகிக்க முடியாதபடி இருந்தன. தொண்டர்களிடம் சொன்னார், அது தோட்டியின் வேலை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அந்தத் தொண்டர்கள் தேச விடுதலைக்காக வந்தவர்கள். துடைப்பத்தைத் தொடுவதற்கு மட்டும் அவர்களுக்கு விடுதலை கிடைத்திருக்கவில்லை. 1934 பிப்ரவரியில், ஹரிஜன யாத்திரையின்போது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் அடிகள் வந்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களை அரசாங்கத்தின் மந்திரமாகக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தச் சமத்துவம் வீட்டுக்குள் வந்திருக்கின்றதா என்று அறிய வேண்டுமானால், துடைப்பத்தை யார் யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் அதனினும் விரிவான ஒரு சட்டமும் வந்தன. 2014 அக்டோபர் 2ஆம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது, தலைவர்கள் துடைப்பத்தோடு வீதியில் நின்ற படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வெளிவந்தன. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் பள்ளிக்கூடத்துக் கழிவறையைக் கழுவுவதற்குக் குறிப்பிட்ட குலத்துப் பிள்ளைகளையே தேர்ந்து அனுப்பினார்கள் என்ற செய்தியை இன்றும் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். ஆசிரியர் தொழிலில் இருப்பவன் அதை வாசித்துவிட்டுத் தலைநிமிர்ந்து வகுப்புக்குள் நுழைவது எளிதன்று.

ஜப்பான் தேசத்துப் பள்ளிகளில் மாணவர்களே தங்கள் வகுப்பைப் பெருக்கித் துடைக்கிறார்கள். வகுப்பறையிலேயே ஓர் அலமாரியில் துடைப்பங்கள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும். எல்லாரும் எடுக்க வேண்டும் என்பதற்காகவே எல்லாரும் காணும் இடத்தில் வைக்கப்படுகின்றன. எங்கள் வகுப்பின் பின்சுவரிலும் முளைப்பலகை ஒன்று இருக்கின்றது. பிள்ளைகளின் தோளுக்கு எட்டும் உயரம். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி நாளுக்கு நால்வர். ஆண், பெண் என்ற பேதமில்லை. வெள்ளிக்கிழமை ஆசிரியரின் முறை. முதலில் சில தாய்மார்கள், "பையனைப் போய்ப் பெருக்கச் சொல்லலாமா, சார்?" என்று கேட்டார்கள். "பெண்ணைச் சொல்லலாம் என்றால் பையனையும் சொல்லலாம், அம்மா" என்பதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

வீட்டிலும் இப்படிச் செய்யலாம். பலகையை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தீர்மானிக்குமுன், தினந்தோறும் துடைப்பத்தைப் பிடிப்பவர் யாரோ அவரைக் கேளுங்கள். அவர் மனைவியாகவோ தாயாகவோ இருக்கலாம்; மாதச் சம்பளத்துக்கு வந்து உழைக்கும் பெண்மணியாக இருக்கலாம். "உங்களுக்கு எட்டும்படி எங்கே வைக்கட்டும்?" என்ற கேள்வியை இதுவரை அவரிடம் எவரும் கேட்டிருக்க மாட்டார். பெரிய கழிக்கு மேலே ஒரு முளையும், சிறுவர் துடைப்பத்துக்குக் கீழே ஒரு முளையும் இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கினால் இந்த வேலை முடிந்துவிடும். சுவரைத் துளைக்கும்போது தூசி விழும். அதைப் பெருக்குவதற்கு அடுக்களையில் இருப்பவரைக் கூப்பிடாமல், ஆணி அடித்த கையே துடைப்பத்தை எடுக்கட்டும். பெருக்கி முடித்ததும் அதைக் கொண்டுபோய்ப் புதிய முளையில் மாட்டட்டும்.